பெரிய மடக்குக் கத்தியா? முதலில் லாக்கைப் பாருங்கள்

சித்தப்பாவின் மடக்குக் கத்தியைத் திறந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பத்தடி தள்ளி நின்றாலும் கேட்கும். போன ஆனியில் பெங்களூரா மாங்காய் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் 'தப்' என்று மாறியிருந்தது. அவர் கவனிக்கவில்லை. நாள் முழுக்க சணல் அறுத்துக்கொண்டும் சாக்கு பிரித்துக்கொண்டும் லாரிக்காரரோடு பேசிக்கொண்டும் இருக்கிறவருக்கு அதைக் கவனிக்க எங்கே நேரம். எனக்குத்தான் காது அதிலேயே இருந்தது, வாங்கிப் பார்த்தேன். பிடியின் முதுகில் இருக்கிற, திறந்த அலகை மடங்காமல் பிடித்துவைக்கிற லாக் பட்டை சமமாக உட்காராமல், அலகை ஒட்டிய முனையில் நகம் தட்டுப்படுகிற அளவுக்கு மேலே எழும்பி நின்றது. போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால், அலகின் அடியில் லாக்கின் பல் போய் விழ வேண்டிய பள்ளத்தில் மாம்பாலும் செம்மண்ணும் கலந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. பல் பாதிதான் இறங்கியிருந்தது. விரல்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு அலகின் முதுகை ஒரு கிரேட்டின் விளிம்பில் அழுத்தினேன். பெரிய அழுத்தம்கூட இல்லை, கத்தி மடங்கிவிட்டது.

அந்தக் கத்தியோடுதான் அவர் ஒரு வாரமாக வேலை செய்திருக்கிறார். பத்து சென்டிமீட்டர் அலகு, அது மடங்குகிற பாதையில் நான்கு விரல்.

பெரிய மடக்குக் கத்தி வாங்கப் போகிறேன், எது நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் எஃகின் பெயரைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் பிடியின் அழகைக் கேட்பார்கள். நான் முதலில் லாக்கைப் பற்றித்தான் பேசுவேன். மழுங்கிய கத்தியைத் தீட்டிக்கொள்ளலாம், பிடி வழுக்கினால் துணி சுற்றிக்கொள்ளலாம், லாக் ஏமாற்றினால் விரல் போய்விடும்.

பெரியது என்று எதைச் சொல்கிறோம்? கத்திப் பிரியர்கள் பொதுவாக நான்கு அங்குலத்தை ஒட்டிய அலகையும் அதற்கு மேற்பட்டதையும் பெரியது என்பார்கள். அளவு கூடக் கூட லாக்கின் மேல் விழுகிற சுமையும் கூடும், அது கடப்பாரைக் கணக்குதான். பர்கூர் பக்கம் கல் உடைக்கிற இடத்தில் ஒரே ஆள் நீளக் கடப்பாரையைப் போட்டு எத்தனை பெரிய கல்லை அசைக்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். மடக்குக் கத்தியில் அந்தக் கடப்பாரை அலகு, அசைகிற கல் லாக். அலகு சுழல்கிற ஆணியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, முதுகுப் பக்கமாக 2 கிலோ அழுத்தம் விழுகிறது என்று வையுங்கள். லாக் பிடித்திருக்கிற இடம் அந்த ஆணியிலிருந்து 1 சென்டிமீட்டர்தான் இருக்கும். அப்படியானால் அங்கே விழுவது 20 கிலோ. அலகு இன்னும் நீளமானால் அதுவும் ஏறும். சின்னப் பேனாக்கத்தியில் பொறுத்துப் போகிற குறையெல்லாம் பெரிய கத்தியில் பொறுக்காது என்பது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. கத்தியை ஒழுங்காகப் பிடித்து, கூர்ப்பக்கத்தைப் பொருளில் வைத்து அழுத்தி அறுக்கும்போது லாக்குக்கு அநேகமாக வேலையே இல்லை. அந்த அழுத்தம் அலகை இன்னும் திறக்கப் பார்க்கிறது, மடக்கப் பார்க்கவில்லை, பல கத்திகளில் அதைத் தாங்குவது, திறந்த அலகு முட்டி நிற்கிற ஸ்டாப் பின் என்கிற குறுக்கு ஆணி. லாக்குக்கு வேலை வருவது மூன்று நேரத்தில். முனையால் குத்தும்போது, மாட்டிக்கொண்ட அலகை ஆட்டி இழுக்கும்போது, முதுகு எதிலாவது இடிக்கும்போது. விபத்தெல்லாம் அங்கேதான்.

எனக்கு நடந்ததும் அப்படித்தான். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் தக்காளித் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தோம், பாலக்கோடு பக்கம். துளை போடுகிற கருவி கைவசம் இல்லை, கத்தி முனையாலேயே குழாயில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். ஆன்லைனில் வாங்கிய மலிவான லைனர் லாக் கத்தி, அதாவது பிடிக்குள் இருக்கிற ஒரு தகடு வந்து அலகுக்கு முட்டுக்கொடுக்கிற வகை, பார்க்க முரட்டுத்தனமாக நன்றாக இருக்கும். முனை குழாயில் மாட்டிக்கொண்டது, கையைத் திருகி இழுத்தேன், லாக் நழுவி அலகு ஆள்காட்டி விரல் மேல் வந்து விழுந்தது. நான்கு தையல். இப்போதும் மார்கழிக் குளிரில் அந்த விரல் நுனி மரத்துப் போகும். வீட்டுக்கு வந்து கத்தியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, லாக் தகடு அலகின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது நூல் அளவுக்கு. வாங்கின அன்றே ஒரு நிமிடம் செலவழித்துப் பார்த்திருந்தால் அந்தக் கத்தியைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சரி, அந்த ஒரு நிமிடத்தில் என்ன பார்ப்பது?

கத்தியைத் திறந்து பிடியை ஒரு கையில் இறுக்கிக்கொள்ளுங்கள். மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகை முதுகுப் பக்கமாகப் பிடித்து, முதலில் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், பிறகு மேலும் கீழுமாக. பக்கவாட்டு ஆட்டம் பெரிய விஷயமில்லை, பெரும்பாலும் அலகு சுழல்கிற பிவட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் முடுக்கினால் போய்விடும். மேலும் கீழும் ஆடினால்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அது லாக்கும் அலகும் சரியாகப் பொருந்தவில்லை என்பதன் அடையாளம், ஸ்க்ரூ முடுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. சித்தப்பா கத்தி மாதிரி முதுகு லாக் உள்ள கத்திகளில் மயிரிழை அளவு மேல்கீழ் ஆட்டம் நல்ல கத்தியிலும் இருப்பது உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கண்ணால் பார்க்கிற அளவுக்கு இருந்தால் வேண்டாம்.

அடுத்து, பிடியை உங்களால் முடிந்த அளவு இறுக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்குங்கள், கயிறு முறுக்குகிற மாதிரி. அப்போது லாக் அசைகிறதா என்று பாருங்கள். லைனர் லாக்கில் விரல் சதை உள்ளே பிதுங்கித் தகட்டைத் தள்ளிவிடும், முதுகு லாக்கில் உள்ளங்கை போய் விடுவிக்கிற இடத்தை அமுக்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் டேவிட் பாய் என்கிற அமெரிக்கக் கத்தி செய்பவர் லாக் பட்டையில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டினார். கை இறுகினாலும் பட்டை அமுங்காமல் இருக்க அந்தப் பள்ளம். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கத்திகள் சிலவற்றில் அதைப் பார்க்கலாம்.

அப்புறம் முதுகு அழுத்தச் சோதனை. நான்கு விரலையும் அலகு மடங்குகிற பாதையில் வைக்காமல், பிடியை இரண்டு பக்கமும் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் வைத்து மெதுவாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். பிடிக்கிற லாக் கல் மாதிரி நிற்கும். சிலர் முதுகை மேசையில் ஓங்கி அடித்துக் காட்டுவார்கள், நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன், நல்ல லாக்கும் அதில் தேயும், தோற்றுப்போனால் உங்கள் கை பக்கத்திலேயே இருக்கிறது. துணி சுற்றிய கட்டையில் மணிக்கட்டு அசைவில் இரண்டு தட்டு தட்டினால் போதும், மோசமான லாக் அதிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

லாக்குகளில் பல வகை இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, நம் கைக்கு வரக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதுகு லாக்கைப் பெரிய கத்திகளில் பிரபலமாக்கியது பக் நிறுவனத்தின் 110 தான், 1964-ல் வந்தது. 9.5 சென்டிமீட்டர் அலகு, இரண்டு முனையிலும் பித்தளை, நடுவில் மரம், கையில் எடுத்தால் 200 கிராம் கனம். ஒரு தடவை போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அரிவாள் விற்கிற ஒரு கொல்லர் அண்ணன் என் கத்தியை வாங்கித் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "அலகு நானே அடிச்சுருவேன் தம்பி, இந்தக் கொக்கி இருக்கே, இதுக்குத்தான் காசு" என்றார். உண்மை. பல்லும் பள்ளமும் இடைவெளி தெரியாமல் பொருந்த வேண்டும், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தடையில்லாமல் விழ வேண்டும், அதில்தான் அந்த 'டக்' சத்தம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள், அந்த மண்ணில் இன்றும் உலை ஊதுகிற ஒருவர் ஒரு லாக்கை அப்படிப் பாராட்டினது எனக்கு மறக்காது. இந்த வகையின் பலவீனம் சித்தப்பா கதையில் சொன்னதுதான், பள்ளத்தில் அழுக்கு சேர்ந்தால் போச்சு. மடக்க இரண்டு கை வேண்டும், அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஆண்ட்ரூ டெம்கோ என்பவர் கோல்டு ஸ்டீல் என்கிற கத்தி நிறுவனத்துக்காக வடிவமைத்த ட்ரை-ஆட் லாக்கும் முதுகு லாக்கின் வழிவந்ததுதான். அதில் அலகுக்கும் லாக் பட்டைக்கும் நடுவில் ஒரு தடித்த ஸ்டாப் பின் வைத்து, சுமையை அதன் மேல் போட்டுவிட்டார். பெரிய கத்தியில் இதைவிட உறுதியான லாக்கை நான் கையில் எடுத்ததில்லை. புதிதில் விடுவிக்கக் கட்டைவிரல் வலிக்கும், போகப் போகப் பழகும்.

லைனர் லாக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர் என்கிற கத்தி செய்பவர், 1980-களின் தொடக்கத்தில். பிடிக்குள் இருக்கிற தகட்டின் ஒரு பகுதி ஸ்பிரிங் மாதிரி வளைந்து அலகின் அடியில் போய் முட்டுக்கொடுக்கும். அதே யோசனையைப் பிடியின் தடித்த பக்கத்திலேயே செய்தால் பிரேம் லாக், அது க்றிஸ் ரீவ் என்கிற இன்னொரு கத்தி செய்பவரின் வேலை. இரண்டிலும் நீங்கள் பார்க்க வேண்டியது, தகடு அலகின் அடியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. புதுக் கத்தியில் அந்த அடிப்பகுதியின் அகலத்தில் கால் பங்கிலிருந்து பாதிக்குள் நின்றால் நல்லது. விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் என் விரலுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். புதிதிலேயே மறு கோடிக்குப் போய்விட்டிருந்தால், தேய்வதற்கு இடமே மிச்சமில்லை என்று அர்த்தம். டைட்டேனியம் பிரேம் லாக் சிலவற்றில் லாக் அலகோடு ஒட்டிக்கொண்டு விடுவிக்க அடம்பிடிக்கும். தொடுகிற முகத்தில் பென்சிலால் நான்கு கோடு தீட்டினால் கிராபைட் பட்டு இளகிவிடும்.

பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-ல் கொண்டுவந்த ஆக்சிஸ் லாக்கில், ஒரு குறுக்குக் கம்பி அலகுக்கும் ஸ்டாப் பின்னுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி போய் இறங்கும். இப்போது பல நிறுவனங்கள் இதே முறையில் செய்கின்றன. விரலை அலகின் பாதையில் வைக்காமலே மடக்கலாம், இடது கைக்காரர்களுக்கும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற மெல்லிய ஸ்பிரிங் கம்பிகள் எப்போதாவது ஒடியும், அவ்வளவுதான்.

மலிவாக, நம்பிக்கையாக ஒன்று வேண்டுமென்றால் பிரான்சின் ஒப்பினெல். 1890-லிருந்து இருக்கிற கத்தி, அதற்கு லாக் வந்தது 1955-ல். ஒரு உலோக வளையம், திருப்பினால் அலகின் அடியை அடைத்துக்கொள்ளும், இவ்வளவுதான் அதன் சூத்திரம். ஸ்பிரிங் இல்லை, ஒடிவதற்கு எதுவும் இல்லை. கொஞ்சம் தேய்ந்தால் வளையம் இன்னும் சற்றுத் தள்ளித் திரும்பிப் பிடித்துக்கொள்ளும். 12-ஆம் எண் வாங்கினால் 12 சென்டிமீட்டர் அலகு, தோப்புக்குத் தாராளம். இரண்டு விஷயம் மட்டும். வளையத்தைத் திருப்புவது உங்கள் வேலை, மறந்தால் அது லாக் இல்லாத கத்தி. மரப்பிடி ஈரத்தில் உப்பும், ஐப்பசி மழையில் அலகை நகத்தால் இழுத்துத் திறக்க முடியாமல் போகும், அப்போது பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வந்துவிடும், ஒப்பினெல்லின் சொந்த ஊரான சவாய் மலைப்பகுதிக்காரர்கள் செய்கிற வழி அது.

இனி சுத்தம் செய்வது. நம் ஊரில் மடக்குக் கத்தியைக் கெடுப்பது துருவைவிட மாம்பாலும் பலாப்பாலும் செம்மண் தூசியும்தான். பால் காய்ந்தால் தண்ணீரில் போகாது. சித்தப்பா கத்திக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கத்தியைத் திறந்தபடி வைத்து, பள்ளத்திலும் பல்லிலும் மண்ணெண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கால் மணி நேரம் ஊறவிட்டேன். தீக்குச்சியின் முனையை உளி மாதிரி சீவிக்கொண்டு பள்ளத்தைச் சுரண்டினேன், இரும்பு ஊசியோ குண்டூசியோ வேண்டாம், பொருந்துகிற முகத்தில் கீறல் விழும். கறுப்பாகச் சுருள் சுருளாக வந்தது, புளியங்கொட்டை அளவுக்கு வந்திருக்கும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் கழுவுகிற திரவம், வெந்நீர். தேய்த்து அலசியபின் தண்ணீரை வெளியேற்றுவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள், வெளியே துடைத்துவிட்டு உள்ளே ஈரத்தோடு மடக்கி வைத்துவிடுவார்கள். சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடியுங்கள், பஞ்சர் கடை பக்கத்தில் இருந்தால் கம்ப்ரஸர் காற்று இன்னும் நல்லது. பிறகு திறந்தபடி ஒரு மணி நேரம் வெயிலில், மரப்பிடியாக இருந்தால் நிழலில்.

கடைசியாக எண்ணெய். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளாக ஆகப் பிசுக்காகிவிடும், அந்தப் பிசுக்கு மண்ணைப் பிடித்துவைக்கும். தையல் மிஷின் எண்ணெய் போதும், பிவட்டில் ஒரு சொட்டு, முதுகு லாக்கின் ஆணியில் ஒரு சொட்டு, நான்கைந்து தடவை திறந்து மூடிவிட்டு வழிகிறதைத் துடைத்துவிடுங்கள். லைனர் லாக்கிலும் பிரேம் லாக்கிலும் தகடு அலகைத் தொடுகிற முகத்தில் எண்ணெய் படவே கூடாது, அந்தப் பிடிப்பில் உராய்வுக்கும் பங்கு இருக்கிறது. முடித்துவிட்டுத் திறந்தேன், 'டக்'. சித்தப்பா வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார், "என்னடா, புதுசு வாங்கிட்டியா?" என்றார்.

ஸ்க்ரூ போட்ட கத்தியாக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை பிரிக்கலாம், நட்சத்திரத் தலை டார்க்ஸ் டிரைவர் தேவைப்படும், அநேகமாக டி6, டி8. சாதாரண ஸ்க்ரூ டிரைவரைத் திணித்தால் தலை மொழுக்கையாகிவிடும். பிவட்டை மாட்டும்போது ஒரேயடியாக முடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, பக்கவாட்டு ஆட்டம் நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். ரிவிட் அடித்த கத்தியைப் பிரிக்க முயலவே வேண்டாம்.

சாணை பிடிப்பது தனிக் கதை, இங்கே ஒன்று மட்டும். தெருவில் வருகிற சாணைச் சக்கரத்தில் மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அந்தச் சூட்டில் மெல்லிய அலகின் பதம் போய்விடும். தண்ணீர் விட்ட கல்லில் பக்கத்துக்கு 20 டிகிரி வைத்துக் கையால் தீட்டினால் போதும். எஃகு விஷயத்தில், மாங்காய் வெட்டத்தான் கத்தி என்றால் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள், கார்பன் எஃகு புளிப்பு பட்ட உடனே கறுத்துவிடும், மாங்காயிலும் இரும்பு வாடை ஏறும்.

எவ்வளவு நல்ல லாக்காக இருந்தாலும் சில வேலைகளுக்கு மடக்குக் கத்தி இல்லை. இளநீர் சீவுவது, தேங்காய்ச் சில்லை நெம்புவது, பெயிண்ட் டப்பா மூடியைத் திறப்பது, அலகின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பது. இவற்றுக்கு அரிவாளும் கொடுவாளும் இருக்கின்றன, அவற்றில் மடங்குகிற இடமே கிடையாது. முனையால் குத்த வேண்டி வந்தால், குத்துவதற்கு முன்னால், இப்போது இது மடங்கினால் என் விரல் எங்கே இருக்கும் என்று ஒரு நொடி பார்த்துக்கொள்ளுங்கள். அலகு மாட்டிக்கொண்டால் திருகாதீர்கள், உள்ளே போன வழியிலேயே நேராக இழுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயுத விதிகள் 2016-ல் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளைத்தான் ஆயுத வகையில் சேர்த்திருக்கிறார்கள், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் விலக்கு. நாம் பேசுகிற கத்திகள் எல்லாம் அந்த அளவுக்குள்தான். அதற்காக இடுப்பில் சொருகிக்கொண்டு தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலோ திருவிழாக் கூட்டத்திலோ நிற்காதீர்கள். தோப்புக்கும் ஒகேனக்கலில் மீன் சுத்தம் செய்யவும் கொண்டுபோவதற்குக் காரணம் சொல்லலாம், கூட்டத்தில் நிற்பதற்குச் சொல்ல முடியாது. விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் வைக்கக் கூடாது. பட்டனை அழுத்தினால் தெறித்துத் திறக்கிற வகையை நான் யாருக்கும் வாங்கித் தருவதில்லை.

யாராவது கத்தியை இரவல் கேட்டால், எந்த லாக், எங்கே அமுக்கி மடக்க வேண்டும் என்று முதலில் காட்டிவிடுங்கள். முதுகு லாக் பழகினவர் கையில் லைனர் லாக்கைக் கொடுத்தால் அவர் பிடியின் முதுகையே அமுக்கிப் பார்த்துவிட்டு, மடங்கவில்லையே என்று அலகைப் பலவந்தமாகத் தள்ளுவார். எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மா கொடுக்க விட மாட்டார். அதனால் நான் மடக்கி, லாக்கைக் காட்டி, திண்ணையில் வைத்துவிடுவேன், வேண்டியவர் எடுத்துக்கொள்வார், வேலை முடிந்ததும் அதே மாதிரி மடக்கி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்.